காட்ஸில்லா மிதிக்காத ஊர்

காட்ஸில்லாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். 1954-இல் அணுகுண்டின் பயத்தைச் சுமந்துகொண்டு கடலிலிருந்து எழுந்த பிராணி, 15 ஆண்டுகளுக்குள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டும் கோமாளியாகத் தேய்ந்துவிட்டது. வியாபாரம் அதைக் கெடுத்தது, தொலைக்காட்சி அதன் கதையை முடித்தது. இந்தக் கதையில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படும் படம் ஒன்று உண்டு. 1969 டிசம்பர் 20 அன்று தோஹோ நிறுவனம் வெளியிட்ட அந்தப் படத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ‘ஆல் மான்ஸ்டர்ஸ் அட்டாக்’. நீளம் 69 நிமிடம். நாயகன் பள்ளிக்கூடம் போகும் ஒரு சிறுவன். காட்ஸில்லா அவன் கனவில் மட்டும்தான் வருகிறது. சண்டைக் காட்சிகளில் பெரும்பகுதி முந்தைய படங்களிலிருந்து வெட்டி ஒட்டியவை. ரசிகர்கள் போடும் தரவரிசையில் அது கடைசி இடத்தை ஒட்டியே கிடப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு அவசரத் தீர்ப்பு என்றே நினைக்கிறேன். 1954-இன் முதல் படத்துக்குப் பிறகு, தான் எடுக்கப்பட்ட காலத்தையும் ஊரையும் நேருக்கு நேர் பார்த்த காட்ஸில்லா படம் 1960-களில் இது ஒன்றுதான். இரண்டையும் இயக்கியவர் ஒருவரே, ஹோண்டா இஷிரோ. குழந்தைகளுக்காக எடுத்ததால் அவர் பார்வை மங்கிவிடவில்லை. யாருக்கு ஆபத்து வந்திருக்கிறதோ அவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பினார், அவ்வளவுதான்.

முதல் படத்தை இங்கே விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ‘டாய்கோ ஃபுகுர்யு மாரு’ என்ற சூரைமீன் படகின் மேல் விழுந்தது. படகிலிருந்த 23 பேரும் கதிரியக்கத்துக்கு ஆளானார்கள். அவர்களில் ஒருவர் செப்டம்பரில் இறந்தார். நவம்பர் 3 அன்று படம் திரைக்கு வந்தது. ஹோண்டா போருக்குப் பிறகு சீனாவிலிருந்து திரும்பும் வழியில், 1946-இல், ஹிரோஷிமாவின் இடிபாடுகளைக் கண்ணால் பார்த்தவர். இவையெல்லாம் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. அதிகம் பேசப்படாத ஒன்று, அந்தப் படத்தில் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்பது. தீப்பற்றி எரியும் தோக்கியோவில் ஒரு தாய் தன் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, சீக்கிரம் அப்பாவிடம் போய்விடுவோம் என்கிறாள். அப்பா போரில் செத்தவர் என்பது பார்ப்பவர்களுக்குத் தானே விளங்கும். பிறகு மருத்துவமனைக் கூடத்தில் ஒரு சிறு பெண்ணின் மேல் கதிரியக்கமானியைக் காட்டுகிறார்கள். அளந்தவர் தலையை மட்டும் அசைக்கிறார். ஓடோ தீவில் குடும்பத்தைப் பறிகொடுத்த சிறுவனை விஞ்ஞானியின் வீட்டார் எடுத்து வளர்க்கிறார்கள். பெரியவர்களின் படம் என்று நாம் தூக்கி வைத்திருக்கும் அந்தப் படத்தின் மிகக் கனமான நிமிடங்கள் பிள்ளைகளின் முகத்தில்தான் நிகழ்கின்றன. 1969-இல் ஹோண்டா சிறுவனின் பக்கம் திரும்பினார் என்பவர்கள், அவர் அந்தப் பக்கத்தை விட்டு விலகியதே இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இடைப்பட்ட 15 ஆண்டுகளில் ஜப்பானிய சினிமாத் தொழில் தலைகீழானது. 1958-இல் அந்நாட்டுத் திரையரங்குகளில் விற்ற டிக்கெட்டுகள் சுமார் 112 கோடி. 1969-இல் சுமார் 28 கோடி. பட்டத்து இளவரசரின் திருமணம் நடந்த 1959-ஐ ஒட்டித் தொலைக்காட்சிப் பெட்டி வீடுகளுக்குள் நுழையத் தொடங்கியது. 1964 ஒலிம்பிக் முடிந்தபோது அது இல்லாத வீடே அரிது. பெரியவர்கள் வீட்டோடு தங்கிவிட்டார்கள். காட்ஸில்லாவின் கணக்கும் இதையே காட்டுகிறது. முதல் படத்தைப் பார்த்தவர்கள் சுமார் 96 லட்சம் பேர்; கிங்காங்குடன் மோதிய 1962 படத்துக்கு வந்தவர்கள் சுமார் 1 கோடியே 12 லட்சம் பேர். அங்கிருந்து இறக்கம்தான். 1966-இல் இன்னொரு அடி விழுந்தது, அதுவும் சொந்த வீட்டிலிருந்தே. தோஹோவின் தந்திரக் காட்சிகளை உருவாக்கிய சுபுராயா எய்ஜி தனியாகத் தொடங்கிய நிறுவனம் ஜனவரியில் ‘அல்ட்ரா கியூ’வையும் ஜூலையில் ‘அல்ட்ராமேன்’ தொடரையும் தொலைக்காட்சிக்குக் கொடுத்தது. ஆண்டுக்கு ஒருமுறை காசு கொடுத்துப் பார்த்துவந்த ராட்சதப் பிராணி, வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை மாலை 7 மணிக்கு இலவசமாக வீட்டுக் கூடத்துக்கே வந்தது. மருசான் நிறுவனத்தின் வினைல் பொம்மைகளாக அது பிள்ளைகளின் கையிலும் ஏறியது. சிறுவர் பத்திரிகைகளில் ஓட்டோமோ ஷோஜி அந்தப் பிராணிகளின் வயிற்றைக் கிழித்து நெருப்புப் பை எங்கே, மின்சார உறுப்பு எங்கே என்று உடற்கூறியல் பாடம் போலவே படம் போட்டு விளக்கினார். இந்த நிலையில் தோஹோ பிள்ளைகளைத் தேடிப் போனதைத் துரோகம் என்பது பொருந்தாது. திரையரங்கில் மிச்சமிருந்த பார்வையாளர்கள் அவர்கள்தான்.

பிள்ளைகளைத் தேடிப் போன முதல் நிறுவனம் தோஹோவும் இல்லை. போட்டி நிறுவனமான டாயெய் 1965 நவம்பரில் கமேரா என்ற பறக்கும் ஆமையை இறக்கியது. இயக்குநர் யுவாசா நொரியாகி. அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் கலங்கரை விளக்கக் காவலரின் மகன் தொஷியோ, வீட்டாரின் வற்புறுத்தலால் தான் வளர்த்த ஆமையை விட்டுவிட வேண்டியிருக்கிறது. அன்றே ராட்சத ஆமை வந்து கலங்கரை விளக்கத்தை இடிக்கிறது. கீழே விழும் அவனை ஏந்தியும் கொள்கிறது. அடுத்த ஆண்டுப் படத்தைப் பெரியவர்களின் பேராசைக் கதையாக எடுத்தார்கள். பிள்ளைகள் இருக்கையில் நெளிந்தார்கள் என்பதைக் கண்டுகொண்ட யுவாசா, 1967 முதல் சிறுவர்களையே நடுவில் வைத்தார். அவர்கள் ஆமையின் முதுகில் சவாரி செய்தார்கள், ராணுவத் தளபதிகளுக்கே யோசனை சொன்னார்கள், 1969 மார்ச்சில் வந்த படத்தில் வேறு கிரகத்துக்கே போய்வந்தார்கள். உற்சாகமான படங்கள்தான், குறை சொல்ல மனம் வராது. ஆனால் அவை பிள்ளைகளுக்குத் தந்தது ஒரு முகஸ்துதி. நீதான் புத்திசாலி, பெரியவர்கள் மடையர்கள், உன்னைக் காக்க வானத்திலிருந்து ஒரு காவலன் வருவான் என்ற வாக்குறுதி. தோஹோவும் அதே சரக்கை மலிவாகத் தயாரித்துத் தள்ளியிருக்கலாம். ஹோண்டாவும் திரைக்கதை எழுதிய செகிசாவா ஷின்இச்சியும் அப்படிச் செய்யவில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

அவர்களுக்குக் கிடைத்த வசதியோ மிகக் குறைவு. 1968 ஆகஸ்டில் வந்த ‘டெஸ்ட்ராய் ஆல் மான்ஸ்டர்ஸ்’ படத்தில் தோஹோ தன்னிடமிருந்த பிராணிகளையெல்லாம் ஒரே மேடையில் ஏற்றிக் காட்டிவிட்டது. அத்தோடு தொடரை முடித்துக்கொள்ளும் எண்ணமும் இருந்தது. முடிக்க மனம் வராமல் அடுத்த ஆண்டு புதியதொரு ஏற்பாட்டுக்குள் காட்ஸில்லாவைக் கொண்டுவந்தார்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கென்று பல படங்களை ஒரே டிக்கெட்டில் கட்டிக் காட்டும் ‘தோஹோ சாம்பியன் விழா’ அது. டோயெய் நிறுவனம் 1964 முதலே கார்ட்டூன்களைச் சேர்த்துக் கட்டி இப்படி வியாபாரம் செய்துவந்தது. சாம்பியன் விழாவின் முதல் நிகழ்ச்சியில் காட்ஸில்லாவோடு, அன்று தொலைக்காட்சியில் கொடிகட்டிப் பறந்த கோன்டோ 55 என்ற நகைச்சுவை இரட்டையரின் விண்வெளிப் படமும், பேஸ்பால் கார்ட்டூனான ‘க்யோஜின் நோ ஹோஷி’யின் படமும் ஓடின. சுபுராயாவின் பெயர் தந்திரக் காட்சிகளின் மேற்பார்வையாளராகத் திரையில் வந்தாலும் அவர் உடல்நலம் குன்றியிருந்தார்; படம் வெளியான மறுமாதமே, 1970 ஜனவரி 25 அன்று, இறந்துபோனார். தந்திரக் காட்சிகளையும் ஹோண்டாவே உதவியாளர்களை வைத்துக்கொண்டு எடுத்தார். பணமில்லை, பக்கபலமாக இருந்தவரும் இல்லை. இந்த நெருக்கடியில் ஒரு இயக்குநர் எதைப் பிடித்துக்கொள்கிறார் என்பதில்தான் அவர் யாரென்பது தெரியும். ஹோண்டா தெருவைப் பிடித்துக்கொண்டார்.

படம் தொடங்குவது கவாசாகியில். தோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் நடுவே, தமா ஆற்றின் தென்கரையில் இருக்கும் தொழில் நகரம். புகைபோக்கிகள், லாரிகள், தண்டவாளங்கள், அவற்றுக்கு இடையே பள்ளிவிட்டு நடந்து வரும் பிள்ளைகள். இச்சிரோவின் அப்பா ரயில் எஞ்சின் ஓட்டுநர், அம்மாவும் வேலைக்குப் போகிறவள். அவன் தன் சாவியைக் கொண்டு தானே கதவைத் திறந்து யாருமில்லாத குடியிருப்புக்குள் நுழைகிறான். இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சாவிப் பிள்ளைகள் என்று ஜப்பானியப் பத்திரிகைகள் அப்போதே பெயரிட்டுக் கவலையோடு எழுதிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டில் பொம்மை வடிவமைக்கும் ஒரு நடுவயது மனிதர் இருக்கிறார், பையனுக்குச் சாப்பாடு போட்டுப் பேச்சுத் துணையாகவும் இருப்பவர். ஹோண்டாவின் படங்களில் வழக்கமாகக் கொடூர வேடத்தில் வரும் அமமோட்டோ ஹிதேயோ என்ற ஒட்டிய முகத்து நடிகருக்கு இந்தக் கனிவான வேடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குறும்பு தனியே ரசிக்கத்தக்கது. தெருவில் இச்சிரோவை வம்புக்கிழுக்கும் ஒரு கும்பல், அதன் தலைவனுக்குப் பட்டப்பெயர் கபாரா. அவர்களுக்குப் பயந்து அவன் கைவிடப்பட்ட ஒரு தொழிற்சாலைக்குள் புகுந்து தனியே விளையாடுகிறான். உடைந்த சுவர்கள், துருப்பிடித்த இரும்பு. அந்தக் குப்பையில் வானொலிக் குழல்களைப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறான். அதே இடத்தில் பதுங்கியிருக்கும் வங்கிக் கொள்ளையரில் ஒருவன் தவறவிட்ட ஓட்டுநர் உரிமமும் அவன் கையில் கிடைக்கிறது. அதுவே பிறகு அவனை ஆபத்தில் மாட்டிவிடுகிறது. முந்தைய டிசம்பரில்தான் தோக்கியோவின் ஃபுச்சு பகுதியில் போலீஸ்காரர் வேடத்தில் வந்த ஒருவன் சுமார் 30 கோடி யென்னைக் காரோடு ஓட்டிக்கொண்டு போயிருந்தான். அவன் கடைசிவரை பிடிபடவே இல்லை. திரையில் கொள்ளையர் வந்ததும் அரங்கிலிருந்தவர்களுக்கு எது நினைவுக்கு வந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

கவாசாகியைத் தேர்ந்தெடுத்ததைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. இரும்பாலை, பெட்ரோலிய ரசாயன ஆலை, அனல் மின்நிலையம் எல்லாம் நெருக்கியடித்து நின்ற கடற்கரை அது. ஆஸ்துமாவும் மார்புச்சளி நோயும் அங்கே வீட்டுக்கு வீடு பரவிக்கொண்டிருந்தன. சுற்றுச்சூழல் மாசால் உடல்நலம் கெட்டவர்களுக்கு நிவாரணம் தரும் முதல் தேசியச் சட்டம் ஜப்பானில் நிறைவேறியது, இந்தப் படம் வெளியான அதே 1969 டிசம்பரில். காற்று மாசுக்காக அதன்கீழ் முதலில் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் யொக்காய்ச்சியும் ஒசாகாவின் ஒரு பகுதியும் இருந்தன. கவாசாகியின் ஆலைப் பகுதியும் இருந்தது. தெருவும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாக இல்லை. 1970-இல் மட்டும் ஜப்பானியச் சாலைகளில் இறந்தவர்கள் 16,765 பேர். அந்நாட்டின் வரலாற்றிலேயே மிக மோசமான ஆண்டு அது. போக்குவரத்துப் போர் என்றே அக்காலத்துச் செய்தித்தாள்கள் எழுதின. மேற்கத்திய முகாமில் அமெரிக்காவுக்கு அடுத்த பெரிய பொருளாதாரமாக ஜப்பான் உயர்ந்ததும் இதே ஆண்டுகளில்தான். அந்த உயர்வுக்கு அப்பா இரவுப்பணி பார்க்க வேண்டியிருந்தது, அம்மாவும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது, பிள்ளை விளையாடக் காலி மனையில்லாமல் போனது. இச்சிரோவின் ஒருநாளில் இந்த மூன்றும் ஒருசேர வந்துவிடுகின்றன.

இதே 1969 அக்டோபரில் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘சஸாயே-சான்’ கார்ட்டூனை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தாத்தா, பாட்டி, மகள், மருமகன், பிள்ளைகள் என்று எழுவர் ஒரே கூரையின் கீழ், ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் வீடு அது. தாழ்வாரத்தில் எப்போதும் யாரோ ஒருவர் இருப்பார். அந்த வீட்டுக் குழந்தையின் கழுத்தில் சாவி தொங்க வேண்டிய அவசியமே வராது. ஞாயிறு மாலைகளில் ஜப்பான் தன்னை எப்படிப் பார்க்க ஆசைப்பட்டதோ அதை அந்தத் தொடர் காட்டியது, இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது. மலிவான பிராணிப் படம் என்று ஒதுக்கப்பட்ட ஒன்று, அந்த நாடு தன்னைப் பார்க்கக் கூசிய கோணத்திலிருந்து அதைக் காட்டியது. வரலாற்றுச் சான்றாக இரண்டில் எது அதிகம் பேசும் என்று கேட்டால், நான் தயங்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

இப்போது கனவுக்கு வருவோம். வீட்டில் தனியே இருக்கும் இச்சிரோ கண்ணயர்கிறான். ஆளில்லாத விமானம் ஒன்றில் தன்னந்தனியாக உட்கார்ந்து பிராணிகளின் தீவுக்குப் போகிறான். அங்கே காட்ஸில்லாவின் மகன் மினில்லா அவன் உயரத்துக்குச் சுருங்கி நின்று அவனோடு பேசுகிறது. அதற்கும் ஒரு தொல்லைக்காரன் உண்டு, பெயர் அதே கபாரா. தவளைத் தோலும் மின்சாரக் கையும் கொண்ட பெரிய பிராணி. உன் சண்டையை நீயே போடு என்று காட்ஸில்லா மகனைத் தள்ளிவிடுகிறது. கமேரா போல ஓடிவந்து தூக்கிக்கொள்ளும் காவலன் இங்கே இல்லை. வேலையில் மூழ்கிய, கண்டிப்பான, தூரத்தில் நிற்கும் தகப்பன்தான் இருக்கிறான். இதற்கு முந்தைய இரண்டு தீவுப் படங்களிலும் செலவு மிச்சம் என்பதால் நகரங்கள் இடிபடவில்லை என்பது உண்மை. ஆனால் அவற்றில் பிராணிகள் நிஜம். இந்தப் படத்தின் உலகில் காட்ஸில்லா ஒரு பையனின் மனதுக்கு வெளியே எங்குமே கிடையாது. கவாசாகியை அது மிதிக்கவில்லை. மிதிக்க அங்கே மிச்சம் என்ன இருந்தது என்பதுதான் படம் கேட்காமல் கேட்கும் கேள்வி. இடிந்த கட்டடம் வேண்டுமென்றால் கைவிடப்பட்ட தொழிற்சாலை இருக்கிறது. நச்சு மூச்சு வேண்டுமென்றால் புகைபோக்கி இருக்கிறது. 1954-இல் சுபுராயாவின் ஆட்கள் பாடுபட்டுச் சிறு வடிவில் கட்டி நொறுக்கிய நாசத்தை, 1969-இல் ஹோண்டா தெருவில் போய் அப்படியே படம் பிடித்து வந்தார்.

இதற்கு முதல் மறுப்பு எளிதில் ஊகிக்கக்கூடியது. இதெல்லாம் பிற்காலத்தவர் ஏற்றிச் சொல்லும் பெருமை. படத்தைப் பாருங்கள், இறால் பிராணியோடு சண்டை 1966 படத்திலிருந்து, கும்பிடுபூச்சியும் சிலந்தியும் 1967 படத்திலிருந்து, காட்ஸில்லாவின் தோல்கூட ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் மாறுகிறது. இது கஞ்சத்தனம், கலை என்று பேசாதீர்கள். கஞ்சத்தனம்தான், மறுக்கவில்லை. பழைய துண்டுகளை ஒட்டுவது அன்று தொழில் வழக்கமாகவே இருந்தது. 1968-இன் கமேரா படத்தில் நீண்ட நேரம் பழைய காட்சிகளே ஓடும். ஆனால் அங்கே அவை கதையை நிறுத்திவைத்து ஓடுகின்றன. செகிசாவாவின் திரைக்கதையோ அந்தக் கட்டாயத்துக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தது. காட்ஸில்லா படங்களிலேயே ஊறிய ஒரு பையன் கனவு காண்கிறான். அவன் கனவில் ஏற்கெனவே எல்லாரும் பார்த்த காட்சிகள்தானே வரும்? தோல் மாறுவதும், தீவின் ஒளி மாறுவதும், திடீரென்று சம்பந்தமில்லாத விமானங்கள் வருவதும் கனவில் நியாயமே. இதை முன்கூட்டித் திட்டமிட்ட மேதைமை என்று தூக்கிப் பிடிக்க மாட்டேன். கையில் கிடைத்த பழைய துணியை வீணாக்காமல் பொருத்தமான இடத்தில் தைத்த தையற்காரரின் சாமர்த்தியம், அந்த அளவில் ஒப்புக்கொண்டால் போதும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. அணுகுண்டின் உருவமாக இருந்த ஒன்றைப் பிள்ளை வளர்க்கும் தகப்பனாக்கியது, செத்தவர்களின் நினைவை மலிவாக்குவது ஆகாதா? 1964 முதல் பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. அந்த ஆண்டு டிசம்பர் படத்தில் காட்ஸில்லா, மோத்ராவோடும் ரோடானோடும் கூட்டுச் சேர்ந்து பூமியைக் காப்பாற்றியது. மறு ஆண்டு வேற்றுக் கிரகத்தில் குதித்துக் குதித்து ஆடியது. பிள்ளைகள் சிரித்தால் சுபுராயாவுக்கு மகிழ்ச்சி. ஹோண்டாவுக்கு அந்த ஆட்டம் உவப்பாக இல்லை. பிராணி பாதி நிஜமாகவும் பாதி கோமாளியாகவும் நடமாடிய அந்தப் படங்களில்தான் அர்த்தம் உண்மையிலேயே கரைந்துபோனது. 1969 படம் அந்தக் குழப்பத்திலிருந்து ஒதுங்கிக்கொள்கிறது. பிராணி கற்பனை என்று ஒப்புக்கொண்டு அதைக் கனவுக்குள் வைத்துவிட்டு, நிஜத்தை நிஜமாகக் காட்டுகிறது. அணுகுண்டு அந்தத் தலைமுறைச் சிறுவனுக்குப் பாடப்புத்தகத்துச் செய்தி. அவன் பயப்பட வேண்டியிருந்தது வேறு விஷயங்களுக்கு. இருட்டும்வரை ஆள் வராத வீடு, சந்து முனையில் காத்திருக்கும் கும்பல், காரில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய அந்நியர்கள். ஹிரோஷிமாவைப் பார்த்த ஒருவர் அந்தப் பயங்களைச் சில்லறைப் பயங்கள் என்று ஒதுக்காமல் பொருட்படுத்தினார் என்பது எனக்கு அவமதிப்பாகத் தெரியவில்லை.

இன்னும் சங்கடமானது முடிவு. கொள்ளையரிடம் மாட்டிய இச்சிரோ, மினில்லாவைப் பார்த்துக் கற்ற துணிச்சலில் கைக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளித்து நேரம் கடத்துகிறான். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிப் போலீஸ் வந்துவிடுகிறது. அதுவரை சரி. மறுநாள் அவன் தெருக் கபாராவோடு கட்டிப் புரண்டு ஜெயிக்கிறான். அதோடு நிற்காமல், முன்பு அந்தக் கும்பல் செய்யச் சொன்னபோது மறுத்த குறும்பைத் தானாகவே செய்து, விளம்பரப் பலகைக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த ஒரு அப்பாவித் தொழிலாளியை அலறவைக்கிறான். கும்பல் அவனைச் சேர்த்துக்கொள்கிறது. பலவீனனை அடிக்காதே என்று பாடம் சொல்ல வேண்டிய சிறுவர் படம், நீயும் அவர்களைப் போல ஆகிவிடு என்று சொல்லி முடிகிறதே என்பது நியாயமான எரிச்சல். இதை முழுக்கக் காப்பாற்ற என்னால் முடியாது. ஆனாலும் இந்த முடிவை இனிமையாக மாற்றியிருந்தால் அதுவரை பார்த்த கவாசாகி பொய்யாகியிருக்கும். அப்பாவின் ரயில் நிற்கவில்லை, புகை அடங்கவில்லை, தெரு மாறவில்லை. அந்தத் தெருவில் பிழைக்க வேண்டிய பையனுக்கு அங்குள்ள ஒரே சமுதாயம் அந்தக் கும்பல்தான். அதில் இடம்பிடிக்க அவன் கொடுத்த விலையைப் படம் காட்டுகிறது, கண்டிக்கவில்லை. நடந்தது இது என்று பதிவு செய்வதில் திருப்தி அடைகிறது. வரலாற்றை வாசிக்கிறவர்களுக்கு இந்த அசட்டுத் துணிச்சல், எந்த நீதிபோதனையையும் விடப் பயன்படும்.

சமூக அக்கறை கொண்ட காட்ஸில்லா என்றால் 1971 ஜூலையில் வந்த ‘ஹெடோரா’ இருக்கிறதே, அதை விட்டு இதையேன் கொண்டாட வேண்டும் என்று கேட்கலாம். பன்னோ யோஷிமிட்சு இயக்கிய அந்தப் படமும் சாம்பியன் விழாவில் பிள்ளைகளுக்காகவே திரையிடப்பட்டது. காகித ஆலைக் கழிவால் சகதியாகிப்போன தகோனோஉரா விரிகுடாவின் நினைவோடு, கழிவையே ஒரு பிராணியாக்கி நடமாட விட்டது. 1970 கடைசியில் ஜப்பானிய நாடாளுமன்றம் மாசு தொடர்பாக ஒரே கூட்டத்தொடரில் 14 சட்டங்களை நிறைவேற்றியிருந்தது. நாடே பேசிக்கொண்டிருந்த விஷயத்தைப் பன்னோ கையில் எடுத்தார். துணிச்சலான படம், காட்சிகளில் பயங்கரம் அதிகம். ஆனால் மாசைப் பிராணியாக்கிவிட்டால் அதைக் கொன்றுவிடலாம். காட்ஸில்லா அதைத்தான் செய்கிறது. ஹோண்டா அதை யார் வந்தும் கொல்ல முடியாத இடத்தில் வைத்திருந்தார், பையன் இழுக்கும் மூச்சில். ஹெடோராவைப் புகழ்கிறவர்கள் அதற்கு 19 மாதம் முன்பே வந்த இந்தப் படத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

படத்துக்குக் கெட்ட பெயர் வந்த விதமும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. வெளியானபோது வந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர், அதற்கு முந்தைய படத்தைவிட வெகு குறைவு. 1971-இல் அமெரிக்காவில் ‘காட்ஸில்லாஸ் ரிவெஞ்ச்’ என்ற தலைப்பில் இறக்கினார்கள்; யாரும் யாரையும் பழிவாங்காத படத்துக்கு அந்தப் பெயர். மினில்லாவுக்கு அசட்டுக் குரலைக் கொடுத்து ஆங்கிலத்தில் டப்பிங் செய்தார்கள். நகரம் நொறுங்குவதைப் பார்க்கத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்த அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் சாவியும் தொழிற்சாலையும் ஒட்டவில்லை. பின்னாளில் புத்தகமும் பட்டியலும் எழுதியவர்களில் அவர்களும் உண்டு. ஜப்பானிலோ வேறொரு காரணம். சாம்பியன் விழாவுக்காகப் பழைய படங்களைச் சுருக்கி மறுபடி ஓட்டினார்கள். 1970 மார்ச்சில் கிங்காங் படத்தை 97 நிமிடத்திலிருந்து 74 நிமிடமாக வெட்டியபோது மூல நெகட்டிவிலேயே கத்தி வைத்தார்கள், வெட்டியவர் ஹோண்டாவேதான். அந்தக் காயம் சரியாக ஆறப் பல பதிற்றாண்டுகள் ஆயின. விழாவின் மேல் ரசிகர்களுக்கு இருந்த நியாயமான கோபம், விழாவுக்காகப் புதிதாக எடுத்த படத்தின் மேலும் விழுந்தது. 1975 மார்ச்சில் ஹோண்டாவே இயக்கிய ‘டெரர் ஆஃப் மெக்காகாட்ஸில்லா’வுக்கு 10 லட்சம் பேர்கூட வரவில்லை, தொடர் 1984 வரை உறங்கியது. திரும்பி வந்தபோது அது பிள்ளைகளை உதறிவிட்டு, மீண்டும் பெரியவர்களின் கடுமையான பிராணியாக வந்தது. 1984-இல் எடுத்த அந்த முடிவுதான் 1969-ஐச் சறுக்கல் என்று பின்னோக்கி எழுதியது.

கவாசாகியின் கதை அதோடு முடியவில்லை. அந்நகரின் நோயாளிகளும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் 1982-இல் ஆலைகள் மீதும் அரசு மீதும் வழக்குத் தொடர்ந்தார்கள். நிறுவனங்கள் 1996-இலும் அரசு 1999-இலும் சமரசத்துக்கு வந்தன. அந்த வழக்கைப் பற்றிப் படிக்கிறவர்கள், அந்த ஊரின் பிள்ளைகள் அப்போது எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய விரும்பினால், 69 நிமிடம் ஒதுக்கி இந்தப் படத்தைப் பார்க்கலாம். ஆங்கில டப்பிங்கைத் தவிர்த்து, ஜப்பானிய ஒலியில் பாருங்கள். முடிந்தால் 1954 படத்தை முதலில் ஓட்டிவிட்டு, அதே இரவில் இதையும் பாருங்கள்.